சுயம்புலிங்கம் ஷெட்டில் கண் விழிக்காத போர்டு

மடவார் வளாகம்,
ஸ்ரீவில்லிபுத்தூர்.
12.7.1995

அன்பு மகள் தேவகிருபைக்கு, அப்பா தேவஇரக்கம் ஆசீர்வதித்து எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அம்மாவும் இங்கு சுகம். கோயம்புத்தூரில் உன் சுகத்தையும், உன்னோடு அறை எடுத்திருக்கும் பெண்ணின் சுகத்தையும், நீங்கள் இருவரும் சேர்ந்து வாங்கிய சால்டரிங் அயனின் சுகத்தையும் அறிய ஆவல். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நீ பஸ் ஏறி வரவேண்டாம். போர்டை அப்பா பார்த்துக்கொள்வேன் என்று போனில் சொன்னேன் அல்லவா, சொன்னது சொன்னதுதான்.

நீ கம்பெனி வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகச் செய்த முதல் போர்டு இது. சுயம்புலிங்கத்தின் பேண்டேஜ் ஷெட்டில் துணியை அளந்து சுற்றிச் சரியான மீட்டரில் நிறுத்துகிற வேலையை இது ஒரு மெசினில் செய்துகாட்டினால், மற்ற மெசின்களுக்கும் உன்னிடமே வாங்குவதாக அவர் என்னை நம்பிச் சொன்னார். ஓடாவிட்டால்? அதையும் சொன்னார். "அண்ணாச்சி, இந்த வாரம் பாப்பேன். பொறவு கழட்டித் துணியில சுத்தி பாப்பாகிட்டயே குடுத்திருங்க. சங்கடப்படக் கூடாது." உன் முதல் போர்டு உன்னிடமே திரும்பி வருவதை என் கையால் செய்வேனா? எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் நான். எதையும் இரண்டாவது தடவை முயல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

சங்கதி என்னவென்றால், வீட்டு மேசையில் வைத்துக் கரண்டு கொடுத்தால் உன் போர்டு சற்று நேரம் சிவப்பு லைட்டைச் சிமிட்டும், பிறகு பச்சை எரியும், சமர்த்துப் பிள்ளை. அதையே கைப்பிள்ளை மாதிரித் துணியில் சுற்றி மடியில் வைத்து ராஜபாளையம் பஸ்ஸில் கொண்டுபோய் ஷெட்டில் மாட்டினால் சிவப்பு, சிவப்பு, சிவப்புதான். திரும்ப வீட்டுக்குக் கொண்டு வந்தால் பச்சை. இப்படிப் போய்வந்து போய்வந்து, கண்டக்டருக்கே என் மடி பழகிவிட்டது. "என்ன அண்ணாச்சி, ஆஸ்பத்திரியில இன்னைக்காவது சேத்துக்கிட்டாங்களா?" என்று கேட்டுத்தான் டிக்கெட் கிழிக்கிறான். உன் அம்மா வேறு, சபைப் பெண்கள் கூட்டத்தில் ஜெபக்குறிப்புக் கொடுக்கும்போது "எங்க வீட்டுல ஒண்ணு ஒரு வாரமா கண்ணே முழிக்க மாட்டேங்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதிருக்கிறாள். மறுநாள் ஆளுக்கு இரண்டு சாத்துக்குடியோடு வந்துவிட்டார்கள். வந்தவர்களைத் திருப்பி அனுப்ப முடியுமா, போர்டைக் காட்டினேன். ஜெபம் பண்ணிவிட்டுத்தான் போனார்கள்.

நீ போனில் சொன்ன வைத்தியம் ஒன்றையும் நான் விடவில்லை. ரீசெட் பொத்தானை அமுக்கினேன். சிப்புகளைக் காலில் முள் எடுக்கிற மாதிரி மெதுவாகக் கழற்றி மாட்டினேன். எர்த் சரியில்லையோ என்றாய், ஷெட்டுக்குப் பின்னால் குழி வெட்டிக் கரியும் உப்பும் போட்டுப் புது எர்த்தே கொடுத்தேன். அதற்குள் சுயம்புலிங்கம் ஒரு எலுமிச்சம்பழத்தோடு வந்து போர்டின் தலைமேல் கட்டப் பார்த்தார், சாறு சொட்டினால் அதற்குத் தனி வைத்தியம் பார்க்க வேண்டுமே என்று கையைப் பிடித்து மோட்டாரில் கட்டவைத்தேன். இத்தனைக்கும் சிவப்புதான். உன் அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "முப்பது வருசமா மில்லுல ஓடுத மிசின நிப்பாட்டித்தான அவியளுக்குப் பழக்கம், நிக்குத மிசின ஓட்டச் சொன்னா?" பக்கத்து வீட்டில் சொல்லுகிற மாதிரி என் காதில் போட்டாள். சாப்பிடாமலே கிளம்பினேன், செத்த நேரத்தில் பசித்து வழியில் வடை தின்றேன்.

இரண்டாவது தடவை உனக்கு எஸ்.டி.டி. போட்டபோது நீ சொன்னதை யோசித்துக்கொண்டே நேற்று மெசின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். "கரண்டு வந்ததும் முதல்ல முழிக்கிறது பூட் லோடர்ங்கிற குட்டி புரோகிராமுப்பா. புதுசா ஏதும் ஏத்தப் போறீங்களான்னு அஞ்சு செகண்டு கேட்டுப் பாக்கும். பதில் இல்லேன்னா உள்ள இருக்கிற பெரிய புரோகிராமை ஓட விட்டுட்டு ஒதுங்கிக்கிடும். சிவப்பு சிமிட்டுதுன்னா இன்னும் கேட்டுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்." இது நம் கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கிற மாதிரி அல்லவா! மாப்பிள்ளை பேர், பெண் பேர் வாசித்து, இந்தக் கல்யாணத்துக்கு யாதொரு தடையும் உண்டானால் சொல்லுங்கள் என்று போதகர் கேட்பார், ஒருவரும் வாய் திறக்காவிட்டால் கல்யாணம் நடக்கும். அப்படியானால் சுயம்புலிங்கம் ஷெட்டில் எவனோ ஒருவன் எழுந்து நின்று தடை சொல்லுகிறான். எவன் அவன்?

சாப்பாட்டு மணி அடித்தது. மெசின்கள் எல்லாம் நின்றன. மெசின் ஓட்டுகிற கருத்தம்மாள் தூக்குச்சட்டியைத் திறந்தபடி, "அண்ணாச்சி, எல்லாத்தையும் நிப்பாட்டியாச்சுல்லா, அதையும் நிப்பாட்டிட்டு ரெண்டு வாய் சாப்பிடுங்க" என்றாள். சுவிட்சை அணைத்தேன். மனசு கேட்கவில்லை, ஒரு தரம் திரும்பப் போட்டேன். சிவப்பு சிமிட்டியது. பச்சை எரிந்தது! கருத்தம்மாள் கையில் சோற்றோடு எழுந்துவிட்டாள். சாப்பாடு முடிந்து மற்ற மெசின்கள் ஓடத் தொடங்கியதும் அணைத்துப் போட்டேன். சிவப்பு. அப்போதுதான் உறைத்தது, தடை சொன்னது மனுசன் இல்லை, பக்கத்து மோட்டார்! கோயிலுக்கு வெளியே நாய் குரைத்தால் போதகர் ஓலையை மடித்து வைப்பாரா? உன் லோடர் வைக்கிறது மகளே, அவ்வளவு நல்ல குணம்.

நாய் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தது என்று பார்த்தால், திறந்து வைத்தவன் நான். கம்ப்யூட்டரிலிருந்து புரோகிராம் ஏற்றுகிற சாம்பல் நிற ஒயரைக் கழற்றித் தனியாக வைத்தால் தொலைந்துவிடும் என்று நான் போர்டிலேயே விட்டிருந்தேன். தொங்குகிற ஒயரைக் கண்டால் எந்தப் பிட்டருக்கும் கை சும்மா இருக்காது. ஆகையால் ஷெட்டில் மாட்டும்போதெல்லாம் அதைப் பக்கத்து மோட்டாரைச் சுற்றி அழகாக வளைத்து, பேண்டேஜ் துணி கிழித்துச் சாணுக்கு ஒரு கட்டும் போட்டுவந்தேன். மோட்டார் அதன் காதில் ஓயாமல் பேசியிருக்கிறது! "வேற எதையும் மாட்டலியேப்பா?" என்று நீ கேட்டபோது "புதுசா ஒண்ணும் மாட்டலியே" என்றேன். பொய் சொல்லவில்லை, பழசைக் கழற்றவில்லை, அவ்வளவுதான். ஒயரைப் பிடுங்கினேன். அத்தனை மெசினும் அலறிக்கொண்டிருக்க, பச்சை எரிந்தது. நாலு மீட்டர் துணி சுற்றி, டக்கென்று நின்றது. இத்தனை நாள் கண்ணாலேயே கணக்குப் பார்த்து மெசினை நிறுத்திவந்த கருத்தம்மாள் அளந்து பார்த்து, "எங்கண்ணு மிச்சம்" என்றாள். சுயம்புலிங்கம் அம்புட்டு மெசினுக்கும் செய்யச் சொல்லிவிட்டார்.

ஆகையால் நிம்மதியாக உட்கார்ந்து மற்ற போர்டுகளைச் செய். இங்கே அப்பா இருக்கிறேன், ஒரு குறையும் வராது. கர்த்தர் உன் கைகளின் வேலையை ஆசீர்வதிப்பாராக. அயன் சூடாக இருக்கும்போது நினைவை வேறெங்கும் விடாதே. உன் அறைத்தோழிக்கு எங்கள் அன்பு, சாத்துக்குடி மிச்சமிருக்கிறது.

இப்படிக்கு,
உன் அப்பா,
தே. தேவஇரக்கம்

பின்குறிப்பு: நேற்று இதை எழுதி முடித்ததும், தபால்பெட்டியில் போடும் முன், இனி எவனும் அந்த ஒயரை மாட்டி வம்பு செய்யக்கூடாது என்று, போர்டில் ஒயர் மாட்டுகிற வாயை எம்-சீல் வைத்து வழுவழுவென்று பூசிவிட்டு வந்தேன். இன்று காலை சுயம்புலிங்கம் சந்தோசமாக வந்து, "அண்ணாச்சி, ஆஸ்பத்திரிக்காரவுக இனி மூணு மீட்டர் ரோலுதான் வேணும்னுட்டாக. பாப்பா சொல்லுச்சே, அந்த ஒயரை மாட்டி மாத்தி ஏத்திக்கிடலாம்னு?" என்றார். எம்-சீல் இரவோடு இரவாகக் கல்லாகிவிட்டது. சின்ன உளி வைத்து லேசாகத்தான் தட்டினேன். இப்போது பச்சையும் எரியவில்லை, சிவப்பும் எரியவில்லை. சுயம்புலிங்கத்திடம், "அதுக்கென்ன, திங்கக்கெழம எம்மவளே வாரா, ஒரு நிமிசத்து வேலை" என்று சொல்லியிருக்கிறேன். நீ திங்கட்கிழமை வருகிறாய். வரும்போது இன்னொரு போர்டு.