கர்னல் இடது கைக்காரர்

சோங்சிங்,
ஏப்ரல் 17

பெருமதிப்பிற்குரிய அத்தான் வெய் குவாங்ஷெங் அவர்களின் சமூகத்துக்கு மைத்துனன் சியூ தெலின் பணிந்து எழுதுவது. நானும் என் மனைவி சியூஹேயும் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலியும் அக்காவின் கோபமும் இந்நேரம் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

"துப்பாக்கித் தொழிற்சாலையில ஏற்றுமதிப் பிரிவுன்னு உக்காந்துக்கிட்டு என்னதான்டா ஏற்றுமதி பண்றே?" என்று புத்தாண்டு விருந்தில் எல்லோர் முன்னிலையிலும் கேட்டீர்கள். அன்று என் வாயில் கொழுக்கட்டை இருந்தது. இன்று பதில் எழுதுகிறேன்.

எங்கள் தொழிற்சாலையின் புதுத் துப்பாக்கியை மூன்று வருடமாக வெளிநாட்டுக்காரர்கள் பார்க்கிறார்கள், தடவுகிறார்கள், அதோடு போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இந்த வசந்தத்தில் வரும் விருந்தாளியும் போட்டோவோடு போனால் எங்கள் பிரிவை மூடிவிட்டு, என்னை வடக்கே ஹெய்லோங்ஜியாங் கிடங்குக்கு மாற்றுவதாக உத்தரவு. சியூஹே கையை விரித்துவிட்டாள். "நீங்க மட்டும் போங்க. மைனஸ் முப்பதுல மூக்கு உதிர்ந்துச்சுன்னா கூரியர்ல அனுப்புங்க, ஒட்டித் தர்றேன்."

செவ்வாய்க்கிழமை கர்னல் தொரிபியோ எங்கள் சுடுகளத்துக்கு வந்தார். ஒரு தீவு நாட்டுக்காரர், ஸ்பானிஷ் பேசுபவர். மொழிபெயர்ப்பும் என் தலையில்தான். எங்கள் தலைவி சோங் மேடம், புதுத் துப்பாக்கி எடுப்பாகத் தெரியட்டும் என்று பக்கத்தில் பழைய மாடலையும் வைத்திருந்தார். கர்னல் நேராகப் போய்ப் பழையதை எடுத்து, இடது தோளில் வைத்து, கன்னத்தை அழுத்திக் குறிபார்த்தார். அத்தான், நீங்கள் ராணுவத்தில் பன்னிரண்டு வருடம் சுமந்த துப்பாக்கி அது. தோட்டா நிரப்பும் மேகசின் கைப்பிடிக்குப் பின்னால், சுட்டதும் தோட்டா உறை வலப்பக்கம் பறக்கும். இடது தோளில் வைத்தால் நேரே முகத்துக்குத்தான் வரும்.

"சுடாதீங்க!" என்று கத்திவிட்டேன்.

"ஏன், வெடிச்சிடுமா?" என்றார் கர்னல்.

"வெடிக்காதுங்க ஐயா. சூடான உறை வந்து உங்க கன்னத்துல முத்தம் கொடுக்கும்."

ஸ்பானிஷ் தெரியாத சோங் மேடம் என் முழங்கையைக் கிள்ளினார். "என்னய்யா சொன்ன?"

"நம்ம துப்பாக்கி அருமைன்னு சொன்னேன் மேடம்."

"அதுக்கு அவரு ஏன் கன்னத்தைத் தடவுறாரு?"

கர்னல் துப்பாக்கியைக் கீழே வைத்தார். "ஏழு நாட்டுல பார்த்துட்டேன். குறையே இல்லைன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. நீ ஒருத்தன்தான் குறை சொல்றே. சரி, புதுசுல என்ன குறை?"

ஹெய்லோங்ஜியாங் முடிவாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டு உண்மையையே சொன்னேன். "எங்க படைக்குச் செய்யறது எங்க தோட்டாவை மட்டுந்தாங்க தின்னும், அது வெளியில கிடைக்காது. அதனால உங்ககிட்ட இருப்புல இருக்கற தோட்டாவுக்கு ஏத்த மாதிரி தனியா செஞ்சிருக்கோம். ஆனா அதை இதுவரைக்கும் ஒருத்தரும் வாங்கலைங்க."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். புதியதில் உறை முகத்துக்கு முன்னாலேயே பறந்துவிடும் என்பதால் அதை இடது தோளில் வைத்தார். நம் ஊர் மூடுபனியில் இலக்குப் பலகை இருக்கும் திசைகூடத் தெரியவில்லை. மனிதர் முப்பது தோட்டாவும் தீரும்வரை சுட்டார். நடந்து போய்ப் பார்த்தால் இருபத்தேழு ஓட்டை, அத்தனையும் பக்கத்துப் பலகையில். அவரே சொன்னார்: "துப்பாக்கி நேராத்தான் சுடுது. நான்தான் தப்பான பலகையைப் பார்த்துட்டேன்."

அங்கேயே ஒரு பெட்டியின் மேல் காகிதத்தை வைத்து, முதல் தவணையாக நாற்பது துப்பாக்கி என்று கையெழுத்துப் போட்டார். பிறகு கர்னலிடம் சொன்னதையெல்லாம் சோங் மேடத்திடம் ஒப்புக்கொண்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இனிமே குறையெல்லாம் நீயே சொல்லுய்யா. நான் டீ ஊத்திக் கொடுக்கறேன்."

எனவே அத்தான், உங்கள் மைத்துனன் ஏற்றுமதி செய்துவிட்டான். மாஜோங் ஆட்ட மேஜையில் உங்கள் கை என்றும் ஓங்கட்டும். அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டு நாய்க்குட்டிக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
நெஞ்சு நிமிர்ந்த மைத்துனன்,
சியூ தெலின்

பி.கு.: ஒட்டிய கடித உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். ஆர்டரின் முழு விவரம் இப்போதுதான் வந்தது. கர்னல், அவர்கள் ராணுவத்தின் வாத்தியக் குழுவுக்கும் அணிவகுப்புக்கும் தலைவராம். சுட்டுப் பார்த்தது சொந்த ஆசைக்காம். நாற்பது துப்பாக்கியையும் குழலை ஈயத்தால் அடைத்து, வெள்ளி முலாம் பூசி அனுப்ப வேண்டுமாம். தோட்டா வேண்டாமாம். "ஏற்றுமதின்னா ஏற்றுமதிதான்யா" என்கிறார் சோங் மேடம், பிரிவு தப்பித்தது. அக்காவுக்குக் கையெழுத்து வரை மட்டும் படித்துக் காட்டவும்.