எலி இல்லாத முறுக்கு

விளம்பரம் ஒன்றைப் பார்த்துவிட்டால் எனக்கு வாய் சும்மா இருக்காது. அது சொல்லாமல் மறைத்ததைத் தோண்டி எடுத்தால்தான் சோறு இறங்கும். சுங்கை பூலோ அடுக்குமாடிக்கு 'நகருக்குப் பதினைந்தே நிமிடம்' என்று போட்டிருந்தால், "எதுல ஏறி, ஹெலிகாப்டர்லயா?" என்பேன். 'புத்திசாலிக் குழந்தைகள் குடிக்கும் பால் மாவு' என்றால், "அப்ப நாம வளர்த்தது?" என்று மகள் பவித்ராவைப் பார்ப்பேன். (முறைப்பாள்.) இப்பேர்ப்பட்ட மேதாவிதான் சொந்த மனைவியின் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டேன்.

ஷா ஆலத்தில் பார்த்த அலுவலக வேலையை விட்டுவிட்டு, சாந்தி எங்கள் கிள்ளான் வீட்டில் முழுநேரமாகப் பலகாரம் செய்ய இறங்கிய முதல் தீபாவளி அது. அதற்கு முன் ஓய்வு நேரத்தில் செய்து கொடுத்ததற்கே வாட்ஸ்அப் குரூப் நிறைய வாடிக்கையாளர்கள். மாவு அரைத்தாயிற்று, காலி டின்கள் கூடத்தில் என் தலைக்கு மேல் நிற்கின்றன. விளம்பரத்தை நானே எழுதுகிறேன் என்று வலியப்போய் வாங்கிக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை காலை குரூப்பில் போட்டேன்:

'இந்த ஆண்டு சுத்தமான புது எண்ணெயில் சுட்ட முறுக்கு!'

(என் திறமையை நானே மெச்சி ஒரு தே தாரிக் டீ ஆற்றிக் குடித்தேன்.)

கிளாஸைக் கழுவுவதற்குள் பிரிக்பீல்ட்ஸ் கமலா ஆன்டி அழைத்தார். சாந்தியின் பழைய வாடிக்கையாளர்.

"தம்பி, இந்த வருஷம் புது எண்ணெய். சரி லா. போன வருஷம் நான் ஆறு டின் வாங்குனேனே, அது என்னா எண்ணெய்?"

ஊரில் உள்ள விளம்பரங்களையெல்லாம் நிற்க வைத்து நான் கேட்ட அதே கேள்வி! சாந்தி எப்போதுமே புது எண்ணெய்தான் ஊற்றுவாள் என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். பதறினால் எனக்கு மூளைக்கு முன்னால் விரல் ஓடும். போனை வைத்துவிட்டுக் குரூப்பில் அடுத்ததைத் தட்டினேன்: 'எங்கள் முறுக்கைச் சாப்பிட்டு இதுவரை யாரும் ஆஸ்பத்திரிக்குப் போனதில்லை!'

உடனே சுபாங் ஜெயாவிலிருந்து ஒருவர், யாரைச் சேர்த்திருக்கிறார்கள், எந்த வார்டு என்று விசாரித்தார். இன்னொருவருக்கு, போன தீபாவளியில் மாமியாருக்கு வயிறு சரியில்லாமல் போனது அப்போதுதான் ஞாபகம் வந்தது. கடைசி வெடியையும் கொளுத்தினேன்: 'வதந்திகளை நம்பாதீர்கள்! எங்கள் சமையலறையில் எலி கிடையாது!'

அதுவரை எலியைப் பற்றி யாருமே பேசவில்லை.

அரை மணி நேரத்தில் பாதி ஆர்டர் ரத்தாகிப் போய்விட்டது. பவித்ரா ஓடிப்போய் அம்மாவிடம் போனைக் காட்டினாள். மாவுக் கையோடு படித்துக்கொண்டே வந்த சாந்தி ஓரிடத்தில் நின்றாள்.

"ஏங்க, எலி எங்கேருந்து வந்துச்சு?"

"இல்லைன்னுதானே போட்டிருக்கேன்."

"உங்க போனைக் குடுங்க. குடுத்துட்டு அந்த டின்னுக்குப் பின்னாடி போய் உக்காருங்க."

அவள் விளக்கம் எதுவும் எழுதவில்லை. கமலா ஆன்டியை அழைத்து, நாளைக்கு அடுப்படிக்கே வந்து பாருங்கள் என்றாள். மறுநாள் ஆன்டி இரண்டு தோழிகளோடு ரயிலேறி வந்துவிட்டார். புது எண்ணெய் டின்னைத் திறக்கும்போதே பார்த்தார்கள். அடுப்புக்கு அடியிலும் குனிந்து பார்த்தார்கள். (எதற்கு என்று எனக்குத் தெரியும்.) நான் வெளியே, ஜன்னல் பக்கம். ஆன்டி சூடாக ஒன்றைக் கடித்துவிட்டுக் குரூப்புக்குக் குரல் பதிவு அனுப்பினார்:

"கிள்ளான்லதான் இருக்கேன். முறுக்கு நல்லாருக்கு லா. எலி வந்தாக்கூட நமக்கு மிச்சம் வைக்காது."

சாயங்காலத்துக்குள் போன ஆர்டர்கள் திரும்பி வந்தன, கூடவே புதிதாகச் சிலவும். 'நல்லாருக்கு' என்றால் எதோடு ஒப்பிட்டு என்று ஜன்னல் வழியாகக் கேட்க வாயெடுத்தேன். பவித்ரா ஜன்னலைச் சாத்தினாள். அன்றே என்னைக் குரூப்பிலிருந்தும் தூக்கினார்கள்.

போன வருடம் பவித்ராவின் நிச்சயதார்த்தம். பெண்ணின் அப்பா இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார்கள். நான் எழுந்ததும் சாந்தி ஒரு துண்டுச் சீட்டைக் கையில் திணித்தாள். 'வந்தவங்களுக்கு நன்றி. சாப்பிடுங்க.' அதை மட்டும் படித்துவிட்டு உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் அப்பா சாந்தி பக்கம் சாய்ந்து, "சம்பந்தி ரொம்ப அளந்து பேசுறவரு போல" என்றார்.

"ஆமாங்க, எப்பவுமே அப்படித்தான்" என்றாள் சாந்தி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

பவித்ராவுக்கு அன்று புரையேறியது. மாப்பிள்ளை வீட்டார் இன்றைக்கும் அதை நம்புகிறார்கள். அவர்கள் வரும்போதெல்லாம் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், எங்கள் வீட்டார் அடுப்படிக்குள் போய்ச் சிரித்துவிட்டு வருகிறார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் இதைவிடப் பெரிய பொய் விளம்பரத்தை நான் பார்த்ததில்லை.