சார்ஜ் ஒப்படைக்காமல் தூங்கிய கார்டு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். நீங்கள் வாங்கித் தந்த கம்ப்யூட்டர்தான் சுகமில்லை. அங்கே என் மகளும் பேத்தியும் நலமாகவும், முக்கியமாக உங்கள் அப்பா கோபமில்லாமலும் இருக்க வேண்டுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை திரை இருண்டதும் உங்களுக்குப் போன் செய்தேன் அல்லவா? "மெஷின் சஸ்பெண்ட் ஆயிருக்கு மாமா, ஏதாவது பட்டனைத் தட்டுங்க" என்றீர்கள். ஆபீஸ் சூப்பரின்டெண்டாகக் காலம் தள்ளியவன் நான். சஸ்பெண்ட் என்றாலே தற்காலிக வேலைநீக்கம்தான் எனக்கு நினைவுக்கு வரும். "என்ன குத்தத்துக்கு?" என்று கேட்டால் சிரிக்கிறீர்கள். தட்டினேன். விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் கும்மிருட்டு. மெக்கானிக்கை வரவழைத்தேன். "மெஷின் முழிச்சிடுச்சு சார், படம் காட்டுற கிராபிக்ஸ் கார்டுதான் முழிக்கல. அது தூங்கறதுக்கு முன்னாடி அதோட மெமரில இருக்கறத டிரைவர் பத்திரமா எடுத்து வைக்கணும். வைக்கல. கரண்ட் நின்னதும் எல்லாம் மறந்துபோச்சு" என்றார். எந்த டிரைவர் என்று நான் வாசலை எட்டிப் பார்த்ததை விடுங்கள் (அதுவும் உள்ளே இருக்கும் ஒரு புரோகிராமாம்), விஷயம் புரிந்துவிட்டது: கையிலிருந்த கோப்புகளையெல்லாம் கொடுத்துச் சார்ஜ் ஒப்படைக்காமல் சஸ்பென்ஷனில் போன ஆசாமி, திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து திருதிருவென்று விழிக்கிறான்!

அவர் மேசைக்கடியில் குடைந்துகொண்டிருக்கும்போதே உங்கள் வீட்டிலிருந்து வீடியோ அழைப்பு. குருட்டாம்போக்கில் எதையோ அமுக்கினேன். படமும் இல்லை, பேச்சும் இல்லை. இணைப்பே கிடைக்கவில்லை என்று நினைத்து உங்கள் அத்தையிடம் மனம் திறந்தேன். "நல்லதாப் போச்சுடி. சம்பந்தி ஒரு மாசம் வந்து தங்கறேங்கறாரு. அந்தக் குறட்டைக்குக் கூரையே பறந்துடும். அவருக்கு ஒரு பெரிய கும்பிடு!" என்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினேன். அப்போது பார்த்தா அந்தக் கார்டு விழித்துத் தொலைக்க வேண்டும்? திரை முழுக்க உங்கள் அப்பா, கண் கலங்கி! உடனே வைத்துவிட்டார்.

நான் பேசியது தப்பு மாப்பிள்ளை. வெட்கமாக இருக்கிறது. இந்தக் கோபத்தில் லீவுக்குப் பேத்தியை இங்கே அனுப்பாமல் விட்டுவிடுவாரோ என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. நீங்கள்தான் நயமாகப் பேசி அவரைச் சமாதானப்படுத்த வேண்டும். நான் சொன்னது என் குறட்டையைத்தான் என்று வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

நோய்நொடியில்லாமல் நீங்கள் எல்லோரும் நிறைவாக வாழ எங்கள் ஆசிகள். உங்கள் அப்பாவுக்கு என் பணிவான வணக்கம்.

இப்படிக்கு,
தன் வாயால் கெட்ட மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் அப்பாவே போன் செய்தார். அன்றைக்கு எங்கள் மைக்கும் விழிக்கவில்லையாம், ஒரு சொல்கூடக் கேட்கவில்லையாம். "கையத் தலைக்கு மேல தூக்கிக் கும்பிட்டுக் கூப்பிட்டீங்களே சம்பந்தி, கண்ணுல தண்ணியே வந்துடுச்சு! ஒரு மாசம் என்ன, மூணு மாசமே இருக்கேன். பேத்தியையும் கூட்டிட்டு வர்றேன்" என்கிறார். ஆகவே மேலே உள்ளதைப் படித்த கையோடு கிழித்துவிடுங்கள். குழந்தை வருகிறாள் என்றால், இன்னும் எத்தனை கும்பிடு வேண்டுமானாலும் போடத் தயார்.