கோழிக்குத் தொய்வு

பெண் பார்க்க ஆட்கள் வரும் நாளில் ஒளித்துவைக்க வேண்டியது என்று எல்லா வீட்டிலும் ஏதாவது இருக்கும். சில வீடுகளில் குடிகாரச் சித்தப்பா. சில வீடுகளில் ஒழுகும் கூரை. எங்கள் வீட்டில் கோழி.

செம்பி என்று பெயர். உருத்திரபுரத்தில் எங்கள் வளவில் நின்ற கோழிகளில் மூளை குறைந்தது அதுதான். ஆனால் என்னைக் கண்டால் ஓடிவரும். (கையில் அரிசி இல்லாவிட்டாலும் வரும் என்று எழுத ஆசை. அது பொய்.) ஒரு மாரி மழைக்குப் பிறகு அதற்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. தும்மும், மூக்கு வடியும், கழுத்தை நீட்டி வாயைப் பிளந்து, துருப்பிடித்த கதவைத் திறப்பதுபோல “கர்ர்ர்… ஹீஈ” என்னும். மருந்து கொடுத்தால் குறையும். அடுத்த மழைக்குத் திரும்ப வரும்.

மிருக வைத்தியர் பார்த்துவிட்டு, “இது முழுசா மாறாது தங்கச்சி. மற்றக் கோழியளோட விடாதேங்கோ. ஈரமில்லாத, காத்து வாற இடமாப் பாத்துத் தனிய வையுங்கோ” என்றார்.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு இடம்தான் இருந்தது. என் அறை.

அப்போது நான் கிளிநொச்சியில் ஒரு பாமசியில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். அதனால் பாதி டொக்டர் என்று நினைப்பு. வைத்தியர் தந்த மருந்து போதாதென்று, கட்டிலுக்குக் கீழே பெட்டியில் இருந்த செம்பியைத் துவாயால் மூடி ஆவி பிடிக்க வைத்தேன். நெஞ்சுக்குத் தைலம் பூசினேன். (கோழியின் நெஞ்சு எங்கே இருக்கிறது என்பது கறிச்சட்டியில் கற்ற பாடம்.) தைல வாசம் கோழிக்கு ஆகாது என்று பிறகுதான் தெரிந்தது. அது இன்னும் பலமாக இழுத்தது. நான் இன்னும் தாராளமாகப் பூசினேன்.

மாங்குளத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்றும் மழை தூறியது.

“பிள்ளை, இண்டைக்கு மட்டும் அந்தச் சனியனை வெளியில விடடி. ஏற்கெனவே ரெண்டு சம்பந்தம் குழம்பிப் போச்சு” என்று அம்மா கெஞ்சினார்.

“நனைஞ்சா செத்துப்போகும் அம்மா. சத்தம் போடாது, நான் பொறுப்பு” என்றேன். கோழிக்குப் பிணை நின்ற முதல் மணப்பெண் நானாகத்தான் இருக்க வேண்டும்.

விறாந்தையில் மாப்பிள்ளையின் தாய் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். பக்கத்தில் மாப்பிள்ளை, மெலிந்த ஆள், தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தொலைத்தவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முறுக்குத் தட்டை நீட்டினேன். அறைக்குள் இருந்து, “கர்ர்ர்… ஹீஈ.”

“உள்ளுக்கு ஆரும் சுகமில்லாமக் கிடக்கினமோ?” என்றார் தாய்.

“சீச்சீ, அது தண்ணி மோட்டர்” என்றார் அம்மா.

“கறண்ட் இல்லையெண்டெல்லே இப்ப சொன்னனியள்?”

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா முறுக்கைப் பார்த்தார்.

தாய் மூக்கை உறிஞ்சினார். “பிள்ளையிலயும் தைலம் மணக்குது. உங்கட பரம்பரையில தொய்வு இருக்கோ?” (தொய்வு என்றால் ஆஸ்துமா. பெண் பார்க்கும் இடத்தில் கொலைக்கு அடுத்த குற்றம்.) அம்மா பதறி மறுத்தார். “அப்ப பிள்ளை ஒரு தேவாரம் படிக்கட்டும், கேப்பம்” என்றார் தாய்.

பக்திக்காக அல்ல, நுரையீரலைச் சோதிக்கத்தான் என்பது எல்லோருக்கும் விளங்கியது. கண்ணை மூடிக்கொண்டு முதல் வரியைப் பாடி நிறுத்தினேன். உள்ளே செம்பி “கர்ர்ர்” என்றது. இரண்டாம் வரிக்கும் பின்பாட்டு வந்தது. மூன்றாம் வரியில் எனக்குச் சிரிப்பு வந்து, புரையேறி, தொடர்ந்து இருமத் தொடங்கினேன். அம்மா தலையில் கை வைத்தார்.

“எனக்கில்லை அன்ரி! கோழிக்கு!” என்று கத்திவிட்டு, உள்ளே ஓடிச் செம்பியைத் தூக்கிவந்தேன். தைலத்தில் வழுக்கி அது என் கையை விட்டுப் பறந்தது. முறுக்குத் தட்டில் இறங்கி, தாயைப் பார்த்து ஒருமுறை தும்மி, மாப்பிள்ளையின் மடியில் ஏறிச் சிறகை உதறியது. விறாந்தை முழுக்க இறகும் தைல மணமும்.

மறுபடி “கர்ர்ர்… ஹீஈ” என்று கேட்டது. ஆனால் செம்பியின் வாய் மூடியிருந்தது.

இழுத்தது மாப்பிள்ளை.

நான் கோழியைப் பறித்துக்கொண்டு ஓட, அவர் சட்டைப் பையிலிருந்து நீல நிற இன்ஹேலரை எடுத்து வாயில் வைத்து அமத்தினார். நான் நாளாந்தம் பில் போடுகிற அதே சாமான்.

அவருக்கு மூச்சு வந்தது. பிறகு அப்பா முறுக்கை விட்டுத் தலையை நிமிர்த்தினார். “தம்பிக்கு…?”

“அது தூசி பட்டா மட்டும்தான்” என்றார் தாய், சுவரைப் பார்த்து.

“இல்லை அம்மா, சின்னனில இருந்தே இருக்கு” என்றார் அவர். பிறகு அன்று முதல்முறையாக என்னைப் பார்த்துக் கேட்டார். “கோழிக்கு என்ன மருந்து குடுக்கிறியள்?”

அந்த விறாந்தையில் பொய் சொல்லாத மனிதர் அவர் ஒருவர்தான். எனக்கு அது போதுமாயிருந்தது. இரண்டு தாய்மாரும் தங்கள் தங்கள் மானத்தைக் காக்க அவசரமாக நாள் பார்த்தார்கள்.

செம்பிக்கு அப்பா வளவில் உயரமாகத் தனிக்கூடு அடித்தார். தைலம் நின்றது. இழுப்பு முழுதாக நிற்கவில்லை. இழுத்துக்கொண்டே முட்டையிட்டு, வயதாகித்தான் செத்தது.

ஆனால் மாரி வந்தால் இவருக்கு இப்போதும் இழுக்கும். முற்றத்தில் நிற்கிற அப்பா காதைத் தீட்டிக்கொண்டு, அயல் முழுக்கக் கேட்கக் கூப்பிடுவார்: “பிள்ளை, அது மருமகனோ, கோழியோ?”

இவர் இன்ஹேலரை அமத்தி, மூச்சு வந்ததும் உள்ளிருந்து பதில் சொல்வார்: “மருமகன்தான் மாமா. முட்டை கேளாதேங்கோ.”