முந்நூற்றுப் பன்னிரண்டு யாளிகள்

பெண் பார்க்கப் போகிறவன் போட்டோ கொடுத்தனுப்புவான். நான் நாவல் கொடுத்தனுப்பினேன்.

எண்பதுகளின் நடுவில், ஆவடியில் ஒரு பாதுகாப்புத் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் நான் கிளார்க். பகலில் நட்டு, போல்ட்டு எண்ணுவேன். மாலையில் குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து நாவல் எழுதுவேன். ஒரு சேனாபதி, சிறகு முளைத்த யாளிப் படையோடு கடல் தாண்டிப் போய்த் தீவைப் பிடிக்கிறான். யாளிகள் 312. யாளிக்கு மூன்று தோல் வார் வீதம் 936. சிறகுக்குப் போட எண்ணெய், நாற்பது பீப்பாய். (எண்ணெய் போடாமல் எதுவும் பறக்காது என்று உறுதியாக நம்பினேன்.)

நான்கு வரன்கள் தட்டிப்போய், ஐந்தாவது பூந்தமல்லி வசந்தா. அவள் போட்டோவைப் பதினேழு முறை பார்த்திருந்தேன். இதுவும் தட்டிப்போனால் என்ன செய்வது என்ற பயத்தில், "இதைப் படிச்சா என் குணம் தெரியும்" என்று தரகரிடம் நோட்டைக் கொடுத்தனுப்பினேன். தெரிந்துவிட்டது.

பெண் பார்த்த அன்று, என் வாயில் மூன்றாவது பஜ்ஜி இருந்தபோது வசந்தா கேட்டாள்: "கடைசியில தீவு ஜனங்க மாலை போட்டு வரவேற்கிறாங்களே, அவங்க எத்தனை பேரு?"

"எண்ணலைங்க."

"வாரெல்லாம் எண்ணியிருக்கீங்க."

"சேனாபதி நல்லதுக்குத்தாங்க போறாரு. ரோடு, பள்ளிக்கூடம்..."

"அவங்க கேட்டாங்களா?"

லேத் பட்டறை வைத்திருந்த அவள் அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். "இன்னா தம்பி, வெள்ளக்காரனுக்கு வேட்டி கட்டி இட்டாந்துகிறீங்க!"

(வெள்ளையர் ஆட்சியைக் கண்டித்துக் கட்டுரை எழுதி, பள்ளியில் முதல் பரிசு வாங்கியவன் நான். பரிசு, எவர்சில்வர் டம்ளர் ஒன்று.)

அம்மா என் காலை மிதித்தாள். "கிளம்புடா."

"ஒரு வாரம் கொடுங்க. எண்ணிட்டு வரேன்" என்றேன். பெண் பார்க்கப் போன இடத்தில் உலகத்தில் வேறு எவனும் இப்படிச் சொல்லியிருக்க மாட்டான்.

எண்ணினேன். 4,206 பேர். அங்கேதான் வம்பு. எண்ண எண்ண ஒவ்வொருவருக்கும் வீடு, வலை, வாய் எல்லாம் முளைத்துவிட்டன. மாலை கட்ட ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. சேனாபதி மணலில் குதித்ததும் மீன் காயவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இன்னா வேணும்?" என்றாள். அவன் யாளியின் வாரை இறுக்கிக்கொண்டு மறுபடி ஏறினான். எண்ணெய் தீர்வதற்குள் படையைத் திருப்பிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தான். நூற்று அறுபது பக்க நாவல் பதினெட்டாவது பக்கத்தில் முடிந்துபோனது.

அதைப் படித்துவிட்டு வசந்தா அவள் அப்பாவிடம், "சொன்னா திரும்பிப் போற ஆளுதான். பரவாயில்ல" என்றாளாம்.

கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து இன்றைக்கும், வசந்தாவின் சமையலறைக்குள் நுழைந்து, இருபத்திரண்டு டப்பாக்களையும் உயரவாரியாக அடுக்கித் தரலாமே என்று நான் கை நீட்டினால், கூடத்திலிருந்து மகள் குரல் கொடுப்பாள்: "அம்மா, யாளி வந்துடுச்சு!"

வசந்தா நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. "இன்னா வேணும்?"

எண்ணெய் தீர்வதற்குள் திரும்பிவிடுகிறேன்.