வட்டியில்லாத பன்னிரண்டு மாதங்கள்

வட்டியில்லாக் கடன் என்றால் கவலையில்லாக் கடன் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். பூமி தட்டையானது என்ற நம்பிக்கைக்குப் பிறகு மனித குலம் செய்த மிகப் பெரிய பிழை இதுதான். வட்டியுள்ள கடனில் பணம் கரையும். வட்டியில்லாக் கடனில் ஆளே கரைவான்.

என் கரைசல் ஒரு தொலைநோக்கியில் தொடங்கியது. வியாழனின் நிலவுகளைப் பார்க்கலாம் என்று கடன் அட்டையில் வாங்கினேன். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரிந்தது. அட்டைக்காரர்கள் போட்ட வட்டி வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. அந்த நேரம் பார்த்து இன்னொரு வங்கி அழைத்தது. பழைய பாக்கியைப் புது அட்டைக்கு மாற்றினால் பன்னிரண்டு மாதம் வட்டி கிடையாது. அதற்குள் முடிக்காவிட்டால் மீதிக்கு நூற்றுக்கு நாற்பத்திரண்டு.

மாற்றினேன். மனைவியிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? தொலைநோக்கி அலுவலகத்தில் பரிசாகக் கிடைத்தது என்றல்லவா அவளிடம் சொல்லியிருந்தேன்.

மாற்றுக் கட்டணத்தோடு தொண்ணூற்றாறாயிரம். மாதம் எட்டாயிரம் கட்டினால் தீர்ந்துவிடும். முதல் மாதம் எட்டாயிரத்தைத் தனியாக எடுத்து வைத்தேன்.

"என்னங்க, மிக்சி போயிடுச்சு. ஆறாயிரம் வேணும்."

"மிக்சிக்கு ஆறாயிரமா?"

"நீங்க கையால அரைச்சுத் தர்றீங்களா?"

கொடுத்தேன். மீதி இரண்டாயிரத்தைக் குறைந்தபட்சத் தொகையாகக் கட்டினேன். அடுத்த மாதம் குளியலறைக் குழாய், ஆறாயிரம். அதற்கடுத்து அவள் தம்பிக்கு மூக்குக் கண்ணாடி, அதுவும் ஆறாயிரம். இப்படியே மாதம் தவறாமல் ஓர் ஆறாயிரம். பழுது பார்த்த மிக்சி பழைய சத்தத்தையே போட்டது. தம்பி பழைய கண்ணாடியோடே வந்து சாப்பிட்டுப் போனான். கவலையில் இருப்பவன் இதையெல்லாம் கவனிப்பான், கேட்கமாட்டான்.

அட்டையின் விதிமுறைகள் நாற்பது பக்கம். பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, ஏழு அச்சுப்பிழைகளைத் திருத்தி வங்கிக்கு அனுப்பியும் வைத்தேன். மாதக் கணக்கு உறைகளைத்தான் பிரிக்கவில்லை. பாக்கியைத் தடித்த எழுத்தில் போடுவார்கள். உறைகள் ஒட்டியபடியே அலுவலக இழுப்பறையில் சேர்ந்தன. கடைசி மூன்று மாதம் நாள்காட்டியையே சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டிவிட்டேன்.

ஆனாலும் கடைசி நாள் வந்தது. என் கணக்குப்படி மீதி எழுபத்திரண்டாயிரம். மாலை வீட்டுக்குப் போனபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க. அப்படியே இந்தப் போர்வை முனையைப் பிடிங்க."

பிடித்தேன். "ஒரு சின்னக் கடன் இருக்கு."

"தொண்ணூத்தாறாயிரம் சின்னதா?"

போர்வை நழுவியது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வங்கி விண்ணப்பத்துல வீட்டுத் தொலைபேசின்னு கேட்ட இடத்துல என் நம்பரை எழுதினது யாரு?"

நான்தான். என் தொலைபேசி பகலெல்லாம் அலுவலகத்தில் இருக்கிறது. அதை வீட்டு எண் என்று எழுதினால் பொய்யாகிவிடும். வீட்டிலேயே இருப்பது அவளுடையது.

"மாசாமாசம் எனக்குத்தான் செய்தி வருது. பாக்கி இவ்வளவு, கெடு இத்தனாம் தேதின்னு."

"அப்போ அந்த ஆறாயிரமெல்லாம்?"

"அன்னன்னைக்கே போய்க் கட்டிட்டேன். கடைசித் தவணை இன்னிக்குக் காலையில. பாக்கி இல்லைன்னும் செய்தி வந்தாச்சு."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஒரு வருஷமா நான் ஒழுங்காச் சாப்பிடவே இல்லை."

"பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். சொல்லியிருந்தா உங்க அலுவலகத்துல இன்னொரு பரிசு குடுத்திருப்பாங்க."

போர்வையை மடித்து முடித்தோம்.

"அந்த அட்டையைக் குடுங்க."

கொடுத்தேன்.

"பழையதையும்."

அதையும் கொடுத்தேன்.

"சம்பளம் எடுக்கிற அட்டை?"

இப்போதெல்லாம் காலையில் பஸ்ஸுக்கு அவள் சில்லறை எண்ணித் தருகிறாள். மாலையில் டிக்கெட்டைக் காட்ட வேண்டும்.