ஆறு வோல்ட் மாமனார்

நோயல் சாவியைத் திருகி செல்ஃபை அழுத்தினான். கார் ‘டிக்’ என்றது. மறுபடி அழுத்தினான். இந்த முறை அதுவும் இல்லை.

விளக்கைப் போட்டுப் பார்த்தான். இரண்டும் பீடிக் கங்கு மாதிரி கொஞ்ச நேரம் சிவந்து அணைந்தன.

அன்று செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை அவனுடைய மச்சினி லவினாவுக்குக் கல்யாணம். கார் மாமனார் ஹரோல்டுடையது. அவர் வேலூர் ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணில் கட்டோடு படுத்திருந்தார். நாளை சாயங்காலம் வந்துவிடுவார். இன்னொரு கண் நன்றாகவே தெரியும்.

ஹரோல்டு சுரங்கத்தில் ஆள் இறங்கும் கூண்டை, அதாவது கேஜை, ஏற்றி இறக்கும் இன்ஜின் டிரைவராக இருந்து ரிட்டயரானவர். தன்னை ஒருமுறைகூடக் கீழே போடாமல் இறக்கி ஏற்றியதற்கு நன்றியாக, சீமைக்குப் போன வெள்ளைக்காரத் துரை விட்டுச் சென்ற மோரிஸ் கார் அது. தங்கவயலின் கோரமண்டல் பகுதியில் எந்தக் கிறிஸ்தவ வீட்டுப் பெண்ணும் அதில்தான் கோயிலுக்குப் போவாள். அவசரப்பட்டு ஆட்டோவில் போன ஒருத்தியின் புருஷன் துபாய்க்குப் போனவன் திரும்பவேயில்லை. ஆட்டோதான் காரணம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

வேலூருக்கு பஸ் ஏறும்போது ஹரோல்டு சொல்லியிருந்தார்:

“தொடைங்க. அவ்ளோதான். ஒரு ஸ்க்ரூவத் தொடக் கூடாது. துரை குடுத்தப்ப எப்டி இருந்துச்சோ, அப்டியே ஆறு வோல்ட்டுல ஓடுது. ஒழுங்கா கோயிலுக்குப் போய்ச் சேந்துட்டா, அப்புறம் சாவி உங்ககிட்டயே இருக்கட்டும் மாப்ளே.”

கல்யாணமான நாளிலிருந்து மாமனார் அவனிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். நோயல் புல்டோசர் செய்கிற பாக்டரியில் எலக்ட்ரீஷியன். “மண்ணு தள்ற வண்டிக்கு லைட்டு போடறவரு” என்றுதான் ஹரோல்டு அவனைச் சம்பந்தி வீட்டாருக்கு அறிமுகம் செய்திருந்தார்.

நோயல் ஓடிப்போய், கூட வேலை செய்யும் முனியப்பனை அழைத்து வந்தான்.

“ஆறு வோல்ட்டா?” முனியப்பன் சிரித்தான். “இன்னாப்பா இது, காரா, டார்ச் லைட்டா? நம்ம வண்டிங்களுக்கு இருவத்தினாலு ஓடுது. இதுக்கு ஒரு பன்னெண்டாவது குடு, பாவம்.”

“ஸ்க்ரூவத் தொடக் கூடாதுன்னாருப்பா.”

“ஒயரத் தொடக் கூடாதுன்னாரா?”

நோயல் யோசித்தான். சொல்லவில்லை.

பேட்டரி பின்சீட்டுக்கு அடியில் ஒரு மரப்பெட்டிக்குள் இருந்தது. பெட்டிக்குப் பூட்டு. அதன் மேல் வெள்ளைப் பெயிண்ட்டில், ‘ஆறு வோல்ட், தொடாதே’ என்று தமிழ், கன்னடம், தெலுங்கு, இங்கிலீஷ் நான்கிலும் எழுதியிருந்தது. எந்த மாநிலத்துத் திருடனும் சாக்குச் சொல்ல முடியாது. பூட்டின் சாவி ஹரோல்டின் கழுத்தில், மாதா டாலருக்குப் பக்கத்தில் தொங்கியது. அதுவும் வேலூரில்.

பெட்டியிலிருந்து வெளியே வந்த இரண்டு ஒயர்களைக் கழற்றி, ஒரு டாக்சிக்காரரிடம் இரவல் வாங்கிய பன்னிரண்டு வோல்ட் பேட்டரியை டிக்கியில் வைத்து அதில் மாட்டினார்கள். செல்ஃபை அழுத்தியதும் இன்ஜின் கடகடவென்று சுற்றியது.

முனியப்பன் தலையைச் சாய்த்துக் கேட்டான். “ஆறு வோல்ட்டு மோட்டாருக்குப் பன்னெண்டு குடுத்தா பேய் புடிச்ச மாரி சுத்தணுமே. இது சும்மா ஒழுங்கா சுத்துதே?”

“தேவ கிருபை” என்றான் நோயல்.

அதற்குமேல் வாதம் பண்ண முனியப்பனுக்கு உரிமை இல்லை. அவன் மாரியம்மன் பக்கம்.

“சரி, மோட்டாரு தாங்கும். ஆனா லைட்டு, ஹாரனு, இன்ஜினுக்குப் போற கரண்ட்டு எல்லாம் ஆறாச்சே. நேரா குடுத்தா கருகிப்பூடும். நடுவுல எதாவது கம்பி போட்டுக் கொறைக்கணும்.”

கரண்ட் அடுப்பு இல்லாத வீடு தங்கவயலில் கிடையாது. நோயலின் மனைவி ஜெசிந்தா கோயிலில் பூ ஜோடிக்கப் போயிருந்தாள். அடுப்பிலிருந்த சுருள் கம்பியை நோயல் உருவி, துண்டு துண்டாக வெட்டி, ஹாரனுக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று, இன்ஜினுக்கு ஒன்று என்று டாஷ்போர்டுக்கு அடியில் கட்டினான். கம்பியில்லாமல் நேராகக் கொடுத்துப் பார்க்க இருவருக்கும் தைரியமில்லை.

ஹாரனை அழுத்தினான்.

“ம்மேஏ...” என்றது கார்.

“பன்னெண்டப் பாத்து மிரண்டுபோச்சு” என்றான் முனியப்பன். “இன்னும் ரெண்டு சுத்து சேரு.”

சேர்த்தான். ‘ம்மே’ சுருங்கி, கிழவர் ஒருவர் தொண்டையைச் செருமுவது போல ஆகியது. விளக்கு மங்கியது. இன்ஜின் இருமத் தொடங்கியது. கருகத் தொடங்கிவிட்டது என்று பயந்து இன்னும் கம்பி சேர்த்தான். இன்ஜினுக்குக் க்ஷயரோகமே வந்துவிட்டது.

ஜெசிந்தா வந்து வாசலில் நின்றாள். “இன்னாங்க, அடுப்புல கம்பியக் காணோம்?”

“லோ வோல்டேஜ்.”

“லோ வோல்டேஜ்ல கம்பி எங்கங்க போவும்?”

மாமியார் ஜெயம்மா அந்தப் பக்கமாக வந்தாள். மருமகன் கையிலிருந்த கம்பியைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள். உள்ளே போய்த் தன் அடுப்பைத் தூக்கி அறைக்குள் வைத்துக் கதவைப் பூட்டினாள். கல்யாண வீட்டில் பொம்பளைகளுக்கு ஆயிரம் கவலை என்று நோயல் நினைத்துக்கொண்டான்.

புதன்கிழமை ஹரோல்டு கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினார். வீட்டுக்குள் போகாமல் நேராகக் காரிடம் போனார். மரப்பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்தார்.

“தொறக்கலியே?”

“சாவி உங்ககிட்ட இருக்குதே மாமா.”

“ஸ்க்ரூவத் தொடலியே?”

“சத்தியமா தொடல மாமா.”

அது சத்தியம்தான். அன்று அவன் சாப்பிடவில்லை. வீட்டில் அடுப்பும் எரியவில்லை.

வியாழக்கிழமை காலை லவினா வெள்ளைப் புடவையும் தலையில் நெட்டுமாகப் பின்சீட்டில் ஏறினாள். பக்கத்தில், பெட்டிக்கு நேர்மேலே ஹரோல்டு. நோயல் ஸ்டியரிங்கில். ஊர்வழக்கம் ஒன்று அவன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. கேஜில் ஆட்கள் வருகிறார்கள் என்றால் சுரங்கத்தில் மூன்று முறை மணி அடிப்பார்கள். அதே கணக்கில், கோயில் வாசலில் அந்தக் கார் மூன்று ஹாரன் அடித்தால்தான் பாட்டுக்கார கிளாரன்ஸ் ஆர்மோனியத்தில் கை வைப்பார். இல்லாவிட்டால் பொண்ணு வரவில்லை என்று அர்த்தம்.

கார் இருமிக்கொண்டே கிளம்பியது. ரயில்வே கேட் மேட்டில் கடைசியாக ஒருமுறை இருமிவிட்டு நின்றது. டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை வந்தது.

“மாமா, இன்னா ஸ்மெல்லு?” லவினா நோயலைப் பார்த்து அலறினாள். “என் நெட்டு தீயுதா?”

“சாம்பிராணிம்மா” என்றான் நோயல். “கோயிலு கிட்டத்துலதானே?”

கண்ணாடியில் மாமனாரைப் பார்த்தான். நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. கோபம் அந்த அளவுக்கு ஏறிவிட்டது என்று புரிந்துகொண்டான்.

குனிந்து பார்த்தால் கம்பி எல்லாம் சிவந்து, இன்ஜினுக்குப் போவது அறுந்தே போயிருந்தது. மாற்றக் கம்பியில்லை. ஒரே வழிதான். நேராகக் கொடுப்பது. மூன்றும் கருகும். ஆனால் கருகுவதற்குள் கோயில் போய்ச் சேர்ந்துவிடலாம். சாவி போனால் போகட்டும், பொண்ணு போய்ச் சேர வேண்டும்.

மாதாவை வேண்டிக்கொண்டு கர்ச்சீப்பால் கம்பிகளைப் பிய்த்து எறிந்தான். ஒயரோடு ஒயரை முறுக்கினான். செல்ஃபை அழுத்தினான்.

இன்ஜின் உறுமியது. இருமல் இல்லை. மேட்டில் இளவட்டம் மாதிரி ஏறியது.

எந்த நிமிஷம் தீப்பிடிக்குமோ என்று, ஒரு காலைக் கதவுப் பக்கம் வைத்துக்கொண்டே நோயல் ஓட்டினான். பிடிக்கவில்லை. கோயில் வாசலில் கண்ணை மூடிக்கொண்டு ஹாரனை அழுத்தினான்.

‘பாஆம்! பாஆம்! பாஆம்!’

கூரைப் புறா எல்லாம் பறந்தது. கிளாரன்ஸ் பதறிப்போய்ப் பாட்டை இரண்டாவது சரணத்திலிருந்து ஆரம்பித்தார். பகலில் போட்ட விளக்குகூடக் கண்ணைப் பறித்தது. கார் கருகவேயில்லை. ஏன் கருகவில்லை என்கிற கவலை இப்போது புதிதாக வந்தது.

ஹரோல்டு இறங்கினார். பெங்களூரிலிருந்து வந்த சம்பந்திமார் காரைச் சுற்றி நின்றார்கள். அவர் பானெட்டைத் தட்டிக்கொடுத்தார்.

“துரை குடுத்தப்ப இருந்த அதே வண்டி. அதே ஆறு வோல்ட்டு. ஒரு ஒயர்கூட மாத்தல.”

எல்லார் முன்னிலும் காரிலிருந்து சாவியை உருவி மருமகன் உள்ளங்கையில் வைத்து மூடினார். “இனி உங்களுதுதான் மாப்ளே.”

நோயல் குனிந்து அவர் காதருகில் போனான். “மாமா, அது வந்து... அந்த வோல்ட்டு...”

“பொட்டியத் தொறக்கலியே? அது போதும்” என்று சொல்லிவிட்டு, கண் ஆபரேஷன் ஆனவர் மாதிரியே இல்லாமல், லவினாவை இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று கோயிலுக்குள் போய்விட்டார்.

நோயல் சாவியும் கையுமாக அங்கேயே நின்றான். பின்னால் வந்த ஜெயம்மா குனிந்து, கார் தரையில் கிடந்த கருகிய சுருள் கம்பியை எடுத்து, அவன் சட்டைப் பையில் போட்டாள்.

“அந்தப் பொட்டிக்குள்ள இருக்கறதே பன்னெண்டு வோல்ட்டுதான் மாப்ளே, ஜெசிந்தா பொறந்த வருஷமே மோட்டாரு, லைட்டு, ஹாரனு எல்லாத்தையும் யாருக்கும் தெரியாம மாத்திட்டாரு, அன்னிக்கும் என் அடுப்புக் கம்பிதான் போச்சு.”